பழி சொல்லிக் குறைந்ததில்லை

“வெள்ளைக்காரரின் நாடுகளில் பதினாறு வயதிலேயே பிள்ளை பெறுகிறார்கள். அது அவர்களுடைய பண்பாடு” என்று நாங்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பண்பாடுதான் காரணம் என்றால் இருபது வருடங்களில் அந்த நிலை எப்படி மாறியது? இங்கிலாந்தின் அனுபவத்தைப் பார்ப்போம்.

1998ஆம் ஆண்டில் அங்கே 15 முதல் 17 வயது வரையான பெண்பிள்ளைகளில் ஆயிரத்துக்குச் சுமார் 47 பேர் கருத்தரித்தார்கள். பிரசவம், கருக்கலைப்பு இரண்டும் சேர்ந்த கணக்கு இது. 1999இல் அரசாங்கம் வெளியிட்ட அறிக்கையொன்று இதற்கு மூன்று காரணங்களைச் சொன்னது.

முதலாவது, எதிர்காலத்தில் நம்பிக்கையின்மை. வறுமையில் வளர்ந்து, பாடசாலையிலும் பின்தங்கிய பிள்ளைக்குத் தாய்மையைப் பிற்போட ஒரு காரணமும் தெரிவதில்லை. இரண்டாவது, உடல் பற்றியும் கருத்தடை பற்றியும் அறியாமை. மூன்றாவது, பெரியவர்களின் இரட்டைப் போக்கு. தொலைக்காட்சியிலும் விளம்பரத்திலும் பாலியலைக் காட்டும் சமூகம், வீட்டில் அதைப்பற்றி வாய் திறப்பதில்லை.

கவனியுங்கள், “பிள்ளையின் ஒழுக்கக்கேடு” என்பது இந்த மூன்றிலும் இல்லை.

2010ஆம் ஆண்டளவில் இந்த வீதத்தைப் பாதியாகக் குறைப்பதற்குப் பத்தாண்டுத் திட்டம் ஒன்று ஆரம்பிக்கப்பட்டது. பாடசாலைகளில் உடல் பற்றியும் உறவுகள் பற்றியும் கற்பிக்க ஊக்கம் கொடுத்தார்கள். இளையோர் இரகசியமாக ஆலோசனை பெறக்கூடிய நிலையங்களைக் கூட்டினார்கள். “சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்” என்ற பயம் அங்கும் இருந்தது. ஏற்கனவே தாயானவர்களையும் கைவிடவில்லை. அவர்கள் படிப்பைத் தொடரும்போது குழந்தையைப் பராமரிக்கும் செலவை அரசாங்கம் ஏற்றது. 2007 முதல் சில பிரதேசங்களில் தாதியர் இளம் தாய்மாரை வீடு தேடிச் சென்று பார்த்தார்கள்.

2010இல் இலக்கை எட்ட முடியவில்லை. ஆனாலும் முயற்சி வீண்போகவில்லை. 2014இல் வீதம் பாதிக்கும் கீழே வந்தது. 2018இல் ஆயிரத்துக்குச் சுமார் 17 ஆகியது. இதற்குத் திட்டம் மட்டுமே காரணமல்ல. பிள்ளைகள் கூடுதலான காலம் படித்ததும், இளையோரின் வாழ்க்கைமுறை மாறியதும் உதவின. எனினும் வறிய பிரதேசங்களில் இந்த வீதம் தொடர்ந்தும் உயர்வாகவே இருந்து வந்திருக்கிறது. அறிவோடு, படிப்பும் தொழிலும் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் பிள்ளைக்கு வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு சிறுமியின் கர்ப்பத்துக்குப் பின்னால் சிலவேளை ஓர் ஆணின் வற்புறுத்தல் இருக்கும். பழி முழுவதையும் அவள் தலையில் போடும் வீட்டில் அந்த உண்மை வெளியே வராது. குற்றம் செய்தவன் தப்பிவிடுவான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் வளர்ந்த மகள் இருக்கலாம். அவளுக்கு ஓர் ஆபத்து வந்தால் முதலில் யாரிடம் சொல்வாள்? “அம்மாவிடம்” என்று உறுதியாகச் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால், இன்றிரவே அவளுக்குப் பக்கத்தில் இருந்து பேசத் தொடங்குங்கள்.