கட்டை கடித்தால் காரை போகுமா?

மூலனூரைச் சுற்றியுள்ள கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களில் ஆட்டுப்பட்டி காக்கும் நாய்க்குக் கடிக்கக் கட்டை வாங்கித் தர வேண்டியதில்லை. கிளுவை வேலியோரம் ஒரு குச்சி, வெள்வேல மரத்தடியில் ஒரு முறிந்த கிளை எப்போதும் கிடக்கும். திருப்பூரில் மாடிவீட்டில் வளரும் லேப்ரடாருக்கோ காபிச் செடியின் கட்டையும் ஆலிவ் கட்டையும் ஆன்லைனில் வருகின்றன. இயற்கையானது, சிராய் பெயராது, பல்லைச் சுத்தமாக்கும் என்பது விற்பவர் வாக்கு.

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை நம்பத் தோன்றும். ஆனால் மனிதர் வேலங்குச்சியின் நுனியை மென்று, நாராக்கி, ஈறோரம் தேய்த்தார்கள். நாய் கட்டையைக் கடைவாயில் வைத்து நொறுக்குகிறது. பல்லின் முனை கொஞ்சம் தேயலாம். நோய் தொடங்கும் ஈறோரத்தில் படலம் அப்படியே இருக்கும், சில நாள்களில் காரையாக இறுகும். அமெரிக்காவில் 1997 முதல் இயங்கும் கால்நடை வாய்நலக் குழு, படலத்தையோ காரையையோ குறைப்பதாக ஆய்வில் காட்டிய பொருள்களுக்கு மட்டுமே முத்திரை தருகிறது. கட்டை விற்பவரிடம் அந்த முத்திரை உண்டா என்று ஒருமுறை கேட்டாலே போதும்.

பல் உடைவது தனிக்கதை. நாய்ப்பல்லின் எனாமல் பெரும்பாலும் 1 மி.மீ.க்கும் குறைவு. கெட்டிக் கட்டையைக் கடிக்கும்போது மேல்தாடையின் நான்காம் முன்கடைவாய்ப்பல் பக்கவாட்டில் சில்லாகப் பெயரும், பற்கூழ் வெளியே தெரியும். அப்போதும் நாய் சோறு தின்னும். வாரங்கள் கழித்துக் கண்ணுக்குக் கீழே வீங்கிய பிறகுதான் கூட்டிவருவார்கள். நகத்தால் அழுத்தினால் சற்றேனும் பதியாத எதையும் நாய்க்குக் கடிக்கக் கொடுக்காதீர்கள் என்பது சொல்ல எளிய விதி.

இந்தப் பக்கத்து மருத்துவருக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நாய் வாயை மூட முடியாமல் நிற்கிறது, எச்சில் ஒழுகுகிறது. “எலும்பு கிலும்பு மாட்டியிருக்கும்னு கையை விட்டுப் பாத்தனுங்க டாக்டர்” என்கிறார் தோட்டத்துக்காரர். மேலண்ணத்தில், இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே ஒரு துண்டுக் குச்சி குறுக்கே இறுகியிருக்கலாம். ரேபிஸில் தாடை தொங்கிப்போன நாயும் இப்படித்தான் நிற்கும். குச்சியாகத்தான் இருக்கும் என்று வெறுங்கையை உள்ளே விடுவதைப் போல ஆபத்து வேறில்லை. தடுப்பூசி போட்ட நாயா, சமீபத்தில் வேறு நாய் கடித்ததா என்ற கேள்விகள் முதலில். வாயைத் திறப்பது பிறகு. ரேபிஸ் என்று சந்தேகம் வந்தால், ஏற்கெனவே வாய்க்குள் கையை விட்டவரைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவச் சொல்லி உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

குச்சி தொண்டையைக் குத்தி உள்ளே முறிந்திருந்தால் எக்ஸ்ரேயை மட்டும் நம்ப முடியாது. மரத்துண்டு அதில் பெரும்பாலும் தெரியாது. கழுத்தில் ஆறாமல் சீழ் வடியும் புண்ணைக் கண்டால், குச்சி கடிக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டுவிட்டு ஸ்கேன் பாருங்கள்.

காரைக்கு நல்ல வழி, தினமும் நாய்க்கான பற்பசையோடு பிரஷ்தான். வீட்டுப் பற்பசை கூடாது. சிலவற்றில் இருக்கும் சைலிடால் நாய்க்கு நஞ்சு. உலக ரேபிஸ் தினமான செப்டம்பர் 28-ஐ ஒட்டி ரேபிஸ் தடுப்பூசி முகாம்களுக்கு நாய்கள் வரிசையில் நிற்கும். நலமாக வரும் நாய்க்கு ஊசி போடும் முன், கையுறையோடு உதட்டை ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.