எண்ணிட்ட படமும் எண்ணத்தின் தூய்மையும்



நோன்புப் பெருநாள் கழிந்த இரண்டாம் நாள், இராஜபாளையத்தில் வாழும் என் தங்கையின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். உணவு முடிந்ததும் அவள் என்னை உள்ளறைக்கு அழைத்துச் சென்றாள். பீரோவின் பின்னால், பழைய சேலையொன்றில் சுற்றி வைத்திருந்த கண்ணாடிச் சட்டமிட்ட படத்தை வெளியே எடுத்தாள்.

"அண்ணே, உங்கள் மருமகன் வாங்கி வந்திருக்கிறான். உயிருள்ளவற்றின் உருவத்தை நான் சுவரில் மாட்டுவதில்லை என்று அவனுக்குத் தெரியும். மாட்டாத படத்துக்கு 80,000 ரூபாய் கொடுத்திருக்கிறான். அதுவும் தங்கச்சி கல்யாணத்துக்கென்று ஒதுக்கிய பணத்திலிருந்து!"

பாய்ந்து வரும் குதிரைகளின் படம் அது. அடியில் இடப்புறம் 12/150 என்ற எண்ணும், வலப்புறம் ஓவியர் எம்.எஃப். ஹுசைனின் கையொப்பமும் காணப்பட்டன. அயல்நாட்டில் பணிபுரியும் மருமகன் பெருமையோடு விளக்கினான்: "மாமா, இது கடைத்தெருவில் விற்கும் படம் அல்ல. உலகத்திலேயே 150 பிரதிகள்தான் இருக்கின்றன. ஐந்து ஆண்டுகளில் விலை இரட்டிப்பாகும் என்று கடைக்காரர் சொன்னார்."

உருவப்படம் பற்றிய மார்க்கச் சட்டத்தை ஆலிம் பெருமக்களிடம் கேட்டுத் தெளிவதே முறை. இம்மாதம் நான் எழுத விழைவது அதனுள் அடங்கியுள்ள வாணிபத்தைப் பற்றியே.

பண்டரிபுரத்தில் பிறந்து, சிறுவயதில் பரோடா மதரஸாவில் அரபு எழுத்துக் கலையின்பால் ஈர்க்கப்பட்டவர் மக்பூல் ஃபிதா ஹுசைன். பம்பாயில் திரைப்பட விளம்பரத் தட்டிகளுக்கு வண்ணம் தீட்டி வயிறு வளர்த்தார். 1947-இல் அந்நகரில் தோன்றிய முற்போக்கு ஓவியர் குழுவில் இணைந்த பின்னர் அவர் புகழ் பரவலாயிற்று. ஓவியத்தை மூடிய அறைக்குள் முடங்கும் தொழிலாக அவர் கருதவில்லை. மக்கள் முன்னிலையில் நிகழ்த்திக் காட்டினார். பீம்சேன் ஜோஷி மேடையில் பாட, அருகே நின்று வரைந்தார். 1992-இல் பம்பாய் ஜஹாங்கீர் கலைக்கூடத்தை வெண்துணியாலும் கிழித்த செய்தித்தாள்களாலும் நிரப்பி, அதனையே கண்காட்சி என்றார். அதே ஆண்டு கல்கத்தாவில், மக்கள் பார்த்திருக்க இந்துப் பெண் தெய்வ உருவங்களைத் தீட்டி, இறுதியில் அவற்றின்மீது வெள்ளை பூசி மறைத்துவிட்டார்.

அவர் வாழ்வில் சர்ச்சைக்கும் குறைவில்லை. அவருடைய சில ஓவியங்கள் இந்துச் சகோதரர்கள் பலரின் மனத்தைப் புண்படுத்தின, வழக்குகள் தொடுக்கப்பட்டன. 2004-இல் அவர் எடுத்த திரைப்படத்தின் பாடல் ஒன்றுக்கு முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவிக்கவே, அப்படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 2006 முதல் தாயகத்தை விட்டு வெளியே வாழ்ந்து, 2010-இல் கத்தார் நாட்டுக் குடியுரிமை பெற்று, 2011 ஜூன் 9 அன்று லண்டனில் மறைந்தார்.

2025 மார்ச்சில், அவர் 1954-இல் தீட்டிய கிராம வாழ்க்கை ஓவியம் ஒன்று நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 38 இலட்சம் டாலருக்கு விலை போயிற்று. இச்செய்தியைக் காட்டித்தான் கடைக்காரர் என் மருமகனை மயக்கியிருக்கிறார். அந்த விலை கையால் தீட்டிய ஒரே மூல ஓவியத்துக்குக் கிடைத்தது என்பதை அவர் சொல்லவில்லை; இவனும் கேட்கவில்லை.

நிகழ்த்திக் காட்டும் கலை, நிகழ்ந்த மறுகணமே மறைந்துவிடும். 2010-இல் மரீனா அப்ரமோவிச் என்னும் பெண்மணி நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ இரண்டரை மாத காலம் நாள்தோறும் நாற்காலியில் மௌனமாக அமர்ந்திருந்தார். வந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக எதிரே அமர்ந்து அவரை நோக்கினர். அவ்வளவே நிகழ்ச்சி! முடிந்தபின் அதில் வாங்கவோ விற்கவோ என்ன இருக்கிறது? ஆகவேதான் இத்தகைய கலைஞர்களின் நிகழ்ச்சிப் புகைப்படங்கள் எண்ணிட்ட பிரதிகளாக விற்பனைக்கு வருகின்றன. ஹுசைனைப் போன்ற ஓவியர்களோ பட்டுத்திரை அச்சு முறையில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் படங்களை வெளியிட்டனர்.

பட்டுத்திரை அச்சு நமக்குப் புதியதன்று. நம் ஊர்களில் திருமண அழைப்பிதழும் துணிப்பையும் அச்சிடும் 'ஸ்கிரீன் பிரிண்டிங்'தான் அது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணியின் வழியே, ரப்பர் பட்டையால் மையை அழுத்தித் தாளில் இறக்குவார்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித் திரை வேண்டும். 150 பிரதிகள் என்று முடிவு செய்தால், ஒவ்வொன்றிலும் ஓவியர் பென்சிலால் எண்ணும் கையொப்பமும் இடுவார். 12/150 என்றால் நூற்றைம்பதில் பன்னிரண்டாவது. ஓவியருக்கென ஒதுக்கும் சில பிரதிகள் தனிக் குறியுடன் இருக்கும். பின்னர் திரைகளை அழித்துவிடுவார்கள், அல்லது பயன்படாதவாறு கோடிட்டுக் கெடுத்துவிடுவார்கள்.

அண்டையிலுள்ள சிவகாசியில் ஒரே படம் இலட்சக்கணக்கில் அச்சாகி, நாட்காட்டியாக நாடெங்கும் செல்கிறது. அதற்குத் தாளின் விலையும் மையின் விலையும் கூலியும்தான். எண்ணிட்ட படத்திற்கோ தாளையும் மையையும் கடந்த ஒரு விலை உண்டு. "இதற்குமேல் அச்சிடமாட்டேன்" என்ற வாக்குறுதியின் விலை அது! வாங்குபவர் அந்த வாக்கையே காசு கொடுத்துப் பெறுகிறார். வாக்குப் பொய்த்தால் எஞ்சுவது வெறும் தாளே.

மறுநாள் படத்தை எடுத்துக்கொண்டு மருமகனும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்து ஏறினோம். சிவகாசி அச்சகங்களில் நெடுங்காலம் உழைத்துவிட்டு, இங்கே சிறு அச்சுக்கூடம் நடத்தும் முதியவர் ஒருவரை நான் அறிவேன். அவர் படத்தைச் சட்டத்திலிருந்து பக்குவமாகப் பிரித்து, பூதக்கண்ணாடியை அதன்மீது வைத்து, எங்களையும் பார்க்கச் சொன்னார்.

குதிரையின் கழுத்து கருமையாகத் தெரியவில்லை. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நுண்ணிய புள்ளிகளாகச் சிதறித் தெரிந்தது. "இது ஆப்செட். பட்டுத்திரையில் இறக்கியிருந்தால் பொதுவாக மை ஒரே பரப்பாகப் படிந்திருக்கும், விரலுக்குக்கூடத் தட்டுப்படும்" என்றார். பிறகு கண்ணாடியை 12/150 என்ற எண்ணின் மேல் நகர்த்தினார். அங்கும் புள்ளிகளே! பென்சில் கோட்டிற்குரிய மினுமினுப்போ, தாளில் பதிந்த தடமோ இல்லை. எண்ணும் கையொப்பமும்கூடப் படத்தோடு சேர்ந்து அச்சானவையே. ஆக, வீட்டில் இருப்பது பன்னிரண்டாவது பிரதியன்று. எத்தனையாவது என்று யாராலும் சொல்ல முடியாத பிரதி!

திரும்பும் வழியில் ஒரு பால்கோவாக் கடையில் நின்றோம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவிற்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இவ்வூரின் பெயரை வேற்றூர்ப் பண்டத்தின்மீது ஒட்டி விற்பது, இங்கே அடுப்பருகில் நின்று பாலைக் கிண்டுபவரின் உழைப்பைத் திருடுவதாகும். ஓவியரின் பெயரைப் போலியின்மீது பொறிப்பதும் அத்தகையதே.

மருமகன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் தாழ்ந்த குரலில், "மாமா, என்னோடு வேலை செய்யும் ஒருவர் இதை 90,000 ரூபாய்க்குக் கேட்டிருந்தார். நான் வாங்கியபோது எனக்கு எதுவும் தெரியாதல்லவா? அவருக்கும் தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டுமே. தங்கச்சியின் பணம் திரும்பி வந்துவிடும்" என்றான்.

நான் மறுமொழி கூறவில்லை. "இதை உன் அம்மாவிடம் சொல்" என்றேன்.

என் தங்கை முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பெருமானார் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, அதை மேலே தெரியும்படி வைக்காத வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சியை நாம் அனைவரும் ஓதியிருக்கிறோம். ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற அந்த எச்சரிக்கையையும் அறிவோம். என் தங்கை ஹதீஸ் எதையும் எடுத்துரைக்கவில்லை. "நேற்றுவரை உனக்குத் தெரியாது. இன்றைக்குத் தெரியும். ஈரத்தைத் தொட்டுப் பார்த்த கை இது, மகனே! இந்தக் கையால் வாங்கும் பணத்தில் என் மகளுக்கு நகை வேண்டாம்" என்றாள்.

அன்றிரவே அவன் அந்த நண்பருக்குத் தொலைபேசியில் உள்ளதை உள்ளபடி உரைத்தான். விற்ற கடைக்குப் பணத்தைத் திருப்பித் தருமாறு எழுதினான். இவ்வரிகளை எழுதும் வரை பதில் வரவில்லை. குறைந்த தொகையை ஈடுகட்ட, ஊரில் தங்கவிருந்த ஒரு மாதத்தைப் பதினைந்து நாளாகச் சுருக்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பினான்.

வாசகர்களே! அரபு எழுத்தணிப் படங்களும் இப்போது இவ்வாறே எண்ணிட்டு விற்கப்படுகின்றன. வாங்க விரும்புவோர் சட்டத்தைப் பிரித்துப் பார்க்க இசைவு கேளுங்கள். பூதக்கண்ணாடியால் வண்ணத்தை மட்டுமன்றி எண்ணையும் கையொப்பத்தையும் நோக்குங்கள். அச்சிட்டவர் யார், எவ்வாண்டு, மொத்தம் எத்தனை பிரதிகள் என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். விலை இரட்டிப்பாகும் என்று எவரேனும் உறுதி கூறினால், அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அனைத்திற்கும் மேலாக, மகளின் திருமணத்திற்கு வைத்த பணத்தைச் சுவரில் மாட்டாதீர்கள்.

அப்படம் இன்றும் பீரோவின் பின்னால்தான் இருக்கிறது. அதன் முதுகில் என் தங்கை தன் கையால், "இது மூலப் பிரதி அன்று" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். நாளை அது எவர் கைக்குப் போனாலும் அவர் ஏமாறக்கூடாது அல்லவா!

கொடுக்கல் வாங்கலில் உண்மையையும், ஈட்டும் பொருளில் பரக்கத்தையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.