வழி வந்துவிட்டது, வாசல் எங்கே?

கண்டி ஹந்தானையில் தொடங்கும் ‘பீக்கோ ட்ரெயில்’ பாதையின் முதல் கட்டம் கலஹாவில் முடிகிறது. இரண்டாம் கட்டம் கலஹாவில் கிளம்பி, 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்ட லூல்கந்துர தோட்டத்துக்குப் போகிறது. அங்கிருந்து மலை மலையாக ஏறி இறங்கி, மொத்தம் 22 கட்டங்களில் 300 கிலோமீற்றருக்கு மேல் கடந்து நுவரெலியாவில் முடிகிறது. பெரும்பகுதி புதிதாக வெட்டிய பாதை அல்ல. தேயிலை கொண்டுபோக அந்தக் காலத்தில் தோட்டங்களுக்குள் போட்ட வண்டிப் பாதைகளைக் கோத்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு உருவாக்கியது. உல்லாசப் பயணிகள் நடந்தும், இடத்துக்கிடம் மலைச் சைக்கிளிலும் இதில் வருகிறார்கள். கலஹாவுக்கு இது நல்ல வாய்ப்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால், பாதையோரத்துத் தோட்டக் குடும்பங்களின் கையில் காணி உறுதி இல்லாதவரை, அது அவர்களுடைய வாய்ப்பாக ஆகாது.

இதைப் புரிந்துகொள்ள, சைக்கிள் பயணத்தால் நாட்டுப்புறமும் பயன்பெறும் பிரான்ஸைப் பார்ப்பது உதவும். 1936-இல் அங்கே மக்கள் முன்னணி அரசாங்கம் தொழிலாளருக்குச் சம்பளத்துடன் கூடிய இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியது. அந்தக் கோடையில் இருவர் மிதிக்கும் சைக்கிளில் ஊரைவிட்டுப் புறப்பட்ட இளம் தம்பதிகள் அக்காலத்தின் அடையாளமே ஆனார்கள். இன்று லுவார் நதியோரமாக ஏறத்தாழ 900 கிலோமீற்றர் நீளும் சைக்கிள் பாதையில் அப்படிப்பட்ட தம்பதிகள் வருடம்தோறும் போகிறார்கள். காரில் போகிறவர் நகரத்தில் சாப்பிட்டு நகரத்தில் தூங்கலாம்; நடுவிலுள்ள கிராமம் அவருக்கு வெறும் ஜன்னல் காட்சி. சைக்கிளில் போகிறவருக்குக் கால் ஓயும் இடத்தில் சோறும் படுக்கையும் வேண்டும். அவருடைய காசு சின்னச் சின்ன ஊர்களில் இறங்குவதன் காரணம் அதுதான். ஆனால் அது தானாக இறங்கவில்லை. நகரத்துக்கு ஆட்கள் போய்க் கிராமங்கள் வெறிச்சோடிய காலத்தில், விவசாயிகள் தங்கள் பழைய வீடுகளைத் திருத்திப் பயணிகளுக்கு வாடகைக்கு விட அரசு மானியம் கொடுத்தது. 1951-இல் முதல் வீடு திறந்தது. 1955-இல் அத்தகைய வீடுகளின் தேசிய சம்மேளனம் உருவானது. அந்த மானியத்தை வாங்கவும், அறையைத் திருத்தவும், வாடகையைத் தன் பெயரில் எடுக்கவும் விவசாயிக்கு முடிந்ததற்கு அடிப்படை ஒன்றுதான்: வீடு அவருடையது.

கலஹாப் பக்கத்துத் தோட்ட லயத்தில், அதாவது வரிசை வீட்டில், இருப்பவருக்கு அந்த அடிப்படை இல்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992-இல் பல தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. கண்டி மாவட்டத்தில் சில, ஜனவசம, பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகிய அரச நிறுவனங்களிடம் தங்கின. யார் கைக்கு மாறினாலும், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா அதில் வாழ்ந்தவரின் கைக்கு வரவில்லை. இந்திய வம்சாவளித் தோட்ட மக்களிடமிருந்து 1948-இல் பறிபோன பிரஜாவுரிமை 2003-இல் முழுமையாகத் திரும்பியது; காணி உரிமை அதோடு சேர்ந்து வரவில்லை. உறுதி இல்லாத வீட்டைப் பிணையாக வைத்து எந்த வங்கியும் கடன் தராது. ஓர் அறை கூட்டிக் கட்டவும் தோட்ட நிர்வாகத்தின் தயவு வேண்டும். பல லயங்களில் வீட்டுக்கென்று தனி முகவரிகூடக் கிடையாது. கடிதம் தோட்டத்துக்குத்தான் வருகிறது. முகவரி இல்லாத வீட்டில் வெளிநாட்டிலிருந்து எப்படி அறை பதிவுசெய்வது? தோட்டத்து உட்பாதைகளின் கதையும் இதுவே. 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், 2018-இல் திருத்தப்படும்வரை, தோட்டங்களுக்குள் சபைகள் தாராளமாகச் செலவிட இடம் தரவில்லை. இந்த நிலையில் பயணி என்ன செய்வார்? கலஹா வந்ததும் ஓட்டோவோ வேனோ பிடித்துக் கண்டிக்குத் திரும்புவார், இல்லாவிட்டால் ஹோட்டலாகிவிட்ட பழைய துரை பங்களா ஒன்றில் தங்குவார். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு மிஞ்சுவது படத்தில் ஒரு முகம். 2024 செப்டெம்பரில் அவருக்கு நிர்ணயித்த ஒரு நாள் சம்பளம் 1,350 ரூபாய். இரண்டு பயணிகளுக்கு ஓர் இரவு படுக்கையும், ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொடுக்கும் குடும்பத்துக்கு அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்று சொல்லப் பெரிய கணக்கு தேவையில்லை.

காணியைப் பிரித்துக் கொடுத்தால் தேயிலை அழியும் என்பது பழைய மறுப்பு. கணக்கு அதை ஏற்காது. ஒரு குடும்பத்துக்குப் பத்து பேர்ச் என்றால் ஓர் ஏக்கரில் 16 குடும்பம் அடங்கும். ஒன்றரை இலட்சம் குடும்பம் என்று வைத்துக்கொண்டாலும் 10,000 ஏக்கர்கூட ஆகாது. நாட்டின் தேயிலை நிலம் பல இலட்சம் ஏக்கர். இன்னொன்றும் உண்டு. இன்று இலங்கைத் தேயிலையில் எழுபது சதவீதத்துக்கு மேல் விளைவிப்பவர்கள் சிற்றுடைமையாளர்கள். சொந்தக் காணி தேயிலைக்கு எதிரி அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இரண்டாவது மறுப்பு கனமானது. உல்லாசப் பயணம் காற்றடிக்கும் பக்கம் சாயும் தொழில். 2019 குண்டுவெடிப்பும் கொரோனாவும் 2022 நெருக்கடியும் அதை மூன்று முறை காட்டிவிட்டன. அதை நம்பி மக்களை இறக்குவது சரியா? சரியல்ல, அதை மட்டுமே நம்பினால். பிரான்ஸிலும் அந்த வாடகை விவசாயத்துக்கு மேல் வந்த வருமானமாகத்தான் தொடங்கியது. பயணிகள் வராத ஆண்டிலும் உறுதி உறுதிதான்; அதன்மேல் கடன் எடுக்கலாம், கடை போடலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். உறுதி இல்லாமல் வரும் சுற்றுலாவோ, துரைக்குச் சேவகம் செய்த குடும்பத்தைப் பயணிக்குச் சேவகம் செய்ய வைக்கும், அவ்வளவுதான்.

லயத்தில் விருந்தினரை எப்படித் தங்க வைப்பது என்றும் கேட்கிறார்கள். லயத்தில் வேண்டாம். இந்திய உதவியில் ஏழு பேர்ச்சில் 550 சதுர அடி வீடுகள் மலையகத்தில் எழுந்திருக்கின்றன; அவற்றிலும் பலருக்கு உறுதி கைக்கு வரத் தாமதமானது. முதலில் அந்தத் தாமதம் தீர வேண்டும். ஹந்தானை முதல் லூல்கந்துர வரையுள்ள தோட்டங்களில், மண்சரிவு அபாயம் பார்த்துத் தெரிவுசெய்த பாதுகாப்பான இடத்தில், கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி கொடுக்கலாம். பிறகு, சில ஆண்டுகள் அறை வாடகைக்கு விடுவேன் என்று ஒப்புக்கொள்ளும் குடும்பத்துக்கு, பிரான்ஸ் செய்தது போல, திருத்த மானியம் கொடுக்கலாம். தோட்டங்களின் வழியாகப் பாதை போட உதவிய கொடையாளர்களிடம் அதற்கு நிதி கேட்பதும் நியாயமே. வீட்டுக்காரர் யார் என்ற கேள்வியை ஒத்திவைத்துவிட்டு விருந்தினரை அழைத்தால், பாதை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் இலாபம் வேறொருவர் கணக்கில்தான் சேரும்.