நடத்தை: நன்று!

திரை விலகுகிறது, தோழரே! கல்லூரி முதல்வரின் அறை. மேசைமீது விசாரணைக் குழுவின் அறிக்கை. மாணவியிடம் பாலியல் வன்முறை புரிந்தான் ஒரு மாணவன், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது. முதல்வர் கையொப்பமிடுகிறார். மாணவன் நீக்கப்படுகிறான். நீக்கப்பட்டவன் கையில் மாற்றுச் சான்றிதழ். அதிலே ஒரு வரி: "நடத்தை: நன்று." அடுத்த மாதம், அடுத்த ஊர், அடுத்த கல்லூரி. அங்கே கதவு திறக்கிறது!

கற்பனைக் காட்சிதானே என்பீர்கள். ஆம், கற்பனைதான். ஆனால் இக்காட்சி மேடையைவிட்டு இறங்கி நாட்டிலே நடந்தால், தடுத்து நிறுத்த விதி உண்டா? அதுதான் என் கேள்வி.

பல்கலைக்கழக மானியக் குழு 2015ஆம் ஆண்டு விதிகள் வகுத்தது. உயர்கல்வி நிலையந்தோறும் புகார்க் குழு. 90 நாளில் விசாரணை முடிவு. அறிக்கை கிடைத்த 30 நாளில் நடவடிக்கை. நல்ல ஏற்பாடு, மறுப்பாரில்லை. குற்றம் புரிந்தவன் மாணவனாயின் தண்டனை என்ன? நூலகம், விடுதி, உதவித்தொகை ஆகியவற்றை நிறுத்தலாம். சிலகாலம் வளாகத்துள் நுழையாது தடுக்கலாம். பெயரை நீக்கி, மீண்டும் சேர்க்க மறுக்கலாம். அறிவுரை வகுப்பும் சமூகப் பணியும் விதிக்கலாம். பட்டியல் முடிந்தது! வேறு கல்லூரி அவனைச் சேர்க்கலாகாது என்றோ, சான்றிதழில் குறித்தாக வேண்டும் என்றோ அப்பட்டியலில் ஒரு வரி இல்லை.

எழுதத் தெரியாமலா விட்டார்கள்? இல்லை, தோழரே! 1996ஆம் ஆண்டு சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங் கொடுமைக்குப் பலியானார். தமிழகம் துடித்தது. 1997இல் சட்டம் பிறந்தது. ராகிங் குற்றத்துக்காக நீதிமன்றம் தண்டித்தவனைக் கல்லூரி நீக்க வேண்டும். வேறெந்தக் கல்வி நிலையமும் அவனைச் சேர்க்கக் கூடாது என்றது அச்சட்டம். 2009இல் இதே மானியக் குழு, ராகிங்குக்காகத் தண்டிக்கப்பட்டவனா என்பதை மாற்றுச் சான்றிதழிலேயே பதிய வேண்டும் என்று விதித்தது.

ராகிங் செய்தவனைச் சான்றிதழ் காட்டிக்கொடுக்கும். பெண்ணிடம் வன்முறை புரிந்தவனைப் பற்றி மட்டும் வாய்மூடி நிற்கும்! என்னே இந்த நியாயம்!

பட்டம் பெறாமலே கல்லூரியைவிட்டு வெளியேறியவன் நான். என் சான்றிதழிலும் "நடத்தை: நன்று" என்றே இருக்கிறது. நல்லவனுக்கும் அதே மை, கொடியவனுக்கும் அதே மை என்றால், அந்த மைக்கு என்ன மதிப்பு?

"இளைஞன் வாழ்வு பாழாகுமே!" என்று இரங்குவோர் உண்டு. படிப்பைத் தொடர அஞ்சி வீட்டுக்குள் ஒடுங்கும் பெண்ணுக்கு வாழ்வு இல்லையோ? அவள் இளையவள் இல்லையோ?

"பொய்ப் புகாராயின்?" என்று கேட்போரும் உண்டு. நல்ல கேள்வி, வரவேற்கிறேன். ஆராயாமல் தண்டித்த பாண்டியன் கதை படித்தவர்கள் நாம். புகார் எழுந்த மறுகணமே முத்திரை குத்து என்று நான் சொல்லவில்லை. புகாரின் படி 7 நாளில் அவன் கையில் சேர வேண்டும்; மறுமொழி தர 10 நாள் தவணை; மேல்முறையீட்டுக்கு 30 நாள். இவையெல்லாம் 2015 விதிகளிலேயே உண்டு. வேண்டுமென்றே பொய் சொன்னாரெனக் கண்டால், புகாரளித்தவருக்கும் தண்டனை உண்டு. ஆனால் மெய்ப்பிக்க இயலாமை வேறு, பொய் வேறு என்று விதியே தெளிவாகச் சொல்கிறது. ஆராயாமல் தண்டிப்பது ஒரு பிழை. ஆராய்ந்து கண்டபின் மறைப்பது அதற்குச் சற்றும் குறையாத பிழை!

நடக்கக்கூடியதா இது? நடந்திருக்கிறது. அமெரிக்காவில் வர்ஜீனியாவும் நியூயார்க்கும் 2015இலேயே சட்டம் செய்தன. பாலியல் வன்முறைக்காக நீக்கப்பட்டால் மதிப்பெண் பட்டியலில் குறிப்பு ஏறும். விசாரணை நடக்கும்போதே விலகி ஓடினாலும் குறிப்பு ஏறும். பின்னர் அத்தீர்ப்பு தவறெனத் தள்ளப்பட்டால் குறிப்பு அழிக்கப்படும். பெண்ணுக்கும் காப்பு, பழி சுமந்தவனுக்கும் காப்பு!

நாம் கேட்பது மூன்றே. மெய்ப்பிக்கப்பட்ட குற்றம் சான்றிதழில் பதியப்பட வேண்டும். விசாரணை முடியுமுன் சான்றிதழ் பெற்றுத் தப்பும் வாயில் அடைக்கப்பட வேண்டும். குற்றமற்றவன் என்று மேல்முறையீட்டில் கண்டால் பதிவு அடியோடு நீக்கப்பட வேண்டும். ராகிங்குக்கு எழுதிய பேனா மானியக் குழுவிடம் இன்னும் இருக்கிறது, எடுத்து எழுதட்டும்!

மகளையும் தங்கையையும் கல்லூரியில் சேர்க்கச் செல்லும் தோழரே! கட்டணம் எவ்வளவு என்று கேட்குமுன், "வேறிடத்தில் நீக்கப்பட்டு வருபவனை இங்கே எப்படி அறிவீர்கள்?" என்று கேளுங்கள். மறுமொழி வரும்வரை கேளுங்கள்!