அல்பத்தில் இல்லாத படம்

எமது ஊர்களின் கலியாண அல்பங்களை எடுத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே படம் இருக்கும். மாப்பிள்ளை இருப்பார், எதிரே பெண்ணின் வாப்பா இருப்பார், இருவரின் கைகளும் பிணைந்திருக்கும். பக்கத்தில் காவின் புத்தகத்தோடு பதிவாளர், இரு புறமும் சாட்சிகள், பின்னால் எட்டிப் பார்க்கும் தலைகள். அந்தப் படத்தைத்தான் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். யாருடைய கலியாணமோ அந்தப் பெண் அதில் இல்லை. அவள் அடுத்த அறையில் இருக்கிறாள்.

அவள் ஆண்கள் சபையில் வந்து உட்கார வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நான் கேட்பது வேறு. கைபிடித்துக் கொடுப்பதற்குச் சற்று முன்னர் வாப்பாவும் சாட்சிகளும் பெண்ணிடம் வந்து, இன்னாரின் மகன் இன்னாருக்கு இவ்வளவு மஹருக்கு உன்னை நிக்காஹ் செய்து தரச் சம்மதமா என்று கேட்கிறார்களே, அந்தப் படம் எங்கே? நான் பார்த்த அல்பம் ஒன்றிலும் அது இல்லை. மருதாணிக் கைகள் இருக்கின்றன, நகைப் பெட்டி இருக்கிறது, செருப்புக்குக்கூடத் தனிப்படம் இருக்கிறது.

முந்நூறு பேர் வரும் மண்டபக் கலியாணத்தில் இதை எதிர்பார்க்க முடியாது. அங்கே எல்லாம் அவசரம். சின்னக் கலியாணத்தில் முடியும். கொரோனா வந்த 2020, 2021 ஆம் ஆண்டுகளில் ஆட்களை எண்ணித்தான் அனுமதித்தார்கள். பல கலியாணங்கள் வீட்டு விறாந்தையிலேயே முடிந்தன. 2022 இல் பெற்றோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்றபோது மண்டபத்தைப் பற்றி யார் நினைத்தார்கள்? பெண்ணுக்கு வீடும் கொடுத்து மண்டபமும் பிடிக்க வேண்டியிருக்கும் எமது கரையோர வாப்பாமாருக்கு அது ஒரு வகையில் ஆறுதலாகவும் இருந்தது. இப்போது மண்டபங்கள் மீண்டும் நிரம்புகின்றன, அது வேறு கதை.

சின்னக் கலியாணம் குறைவானது என்று நினைப்பவர்களுக்கு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களின் கலியாணத்தை ஞாபகப்படுத்தலாம். மதீனாவில் நடந்த அந்தக் கலியாணம் நபி (ஸல்) அவர்களுக்கே பிறகுதான் தெரிய வந்தது. அவர் மேல் இருந்த வாசனைப் பொருளின் மஞ்சள் அடையாளத்தைக் கண்டு விசாரித்து அறிந்துகொண்டார்கள். என்னை ஏன் அழைக்கவில்லை என்று கோபிக்கவில்லை. பரகத்துக்காகத் துஆச் செய்து, ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமாக் கொடுக்கச் சொன்னார்கள்.

சென்ற வருடம் கோமாரியில் எங்கள் பெரியம்மாவின் மகளுக்கு வீட்டிலேயே நிக்காஹ் நடந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பது பேர் வரமாட்டார்கள். அக்கரைப்பற்றிலிருந்து படம் பிடிக்க ஒருவர் வந்திருந்தார். ஆண்கள் பக்கத்தை அவர் எடுத்தார். உள்ளே அவர் வர முடியாது, வரவும் இல்லை. ராத்தா தன் கைபேசியை என்னிடம் தந்து, "கேக்க வருவாங்க, அத மட்டும் உடாம எடு" என்றார். சின்ன அறை. அஸருக்குப் பிறகு கிழக்கு ஜன்னலில் வெயில் இல்லை, வெளிச்சம் மட்டும் இருந்தது. டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஓரமாக நின்றேன். பெரியப்பா வாசலுக்கு வந்து தொண்டையைச் செருமினார். மஹரின் தொகையைச் சொல்லும்போது அவருடைய குரல் தழுதழுத்தது. ராத்தா தலையை ஆட்டினார். என் கையில் கைபேசியைக் கண்டாரோ என்னவோ, சாட்சிகளில் ஒருவர், "வாயால சொல்லுங்க மகள்" என்றார். ராத்தா சொன்னார். உம்மம்மா பின்னாலிருந்து குரவை போட்டார்.

படம் கொஞ்சம் அசைந்துதான் இருக்கிறது. ஆனால் பெரியப்பாவின் அந்த முகம், வெளியே நல்ல கெமராவில் எடுத்த எந்தப் படத்திலும் இல்லை.

அந்தச் சாட்சி சொன்ன வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். படம் எடுக்க ஒருவர் நிற்கிறார் என்றால் கேட்பவர்கள் ஒழுங்காகக் கேட்கிறார்கள். கேட்காமலே "புள்ளைக்குச் சம்மதம்தான்" என்று வாசலில் சொல்லி முடித்துவிடும் வீடுகளும் நம்மிடையே உண்டு. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பதிவேட்டில் மணமகளின் கையொப்பத்தைக் கேட்பதில்லை. மாப்பிள்ளை ஒப்பமிடுவார், பெண்ணின் சார்பில் வலி ஒப்பமிடுவார். 2009 இல் நியமிக்கப்பட்ட, நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையிலான குழு 2018 இல் அறிக்கை கையளித்தது. குழுவினர் பல விடயங்களில் இரு பக்கமாகப் பிரிந்து நின்றதும் எல்லோருக்கும் தெரியும். சட்டத்தைப் பெரியவர்கள் பேசட்டும். பரீட்சை அனுமதி அட்டையில் நானேதான் ஒப்பமிடுகிறேன், எனக்காக வாப்பா ஒப்பமிட்டால் ஏற்கமாட்டார்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கன்ஸா பின்த் கிதாம் (ரழி) அவர்களை அவர் விரும்பாத ஒருவருக்கு அவருடைய தந்தை மணமுடித்துக் கொடுத்தார். அவர் நபி (ஸல்) அவர்களிடம் போய் முறையிட்டபோது அந்த நிக்காஹ் ரத்துச் செய்யப்பட்டது. புகாரியில் உள்ள செய்தி இது. கன்னிப் பெண்ணின் மௌனமும் சம்மதம்தானே என்று யாராவது கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவள் மௌனமாக இருப்பதற்கும் முதலில் அவளிடம் கேட்டிருக்க வேண்டுமே!

படமே கூடாது என்ற கருத்துடைய உலமாக்களும் இருக்கிறார்கள். அவர்களை மதிக்கிறேன். அந்தக் கருத்தில் உறுதியாக இருக்கும் வீட்டில் கெமராவே வராது, அங்கே எனக்குப் பேச்சில்லை. ஹஜ்ஜுக்குப் போகும் கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்கிறோம், மாப்பிள்ளை வருவதை வீடியோ எடுக்கிறோம், கட்டாரில் இருக்கும் சகோதரனுக்கு நிக்காஹ்வை நேரலையாகக் காட்டுகிறோம். அப்படியான வீட்டில் பெண்ணின் அறை வந்ததும் மட்டும் வெட்கம் வந்துவிடுகிறது என்றால் அதுதான் எனக்கு விளங்கவில்லை.

வெட்கத்தைவிடப் பயத்தை நான் ஏற்றுக்கொள்வேன். அந்தப் படம் யார் கைக்குப் போகும் என்ற பயம் நியாயமானது. பெண்கள் பக்கத்தில் விளையாட்டாக எடுத்த ஒரு படம் ஒரே இரவில் ஊர் முழுக்கச் சுற்றியதை நானும் கண்டிருக்கிறேன். வட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணித்தியாலத்தில் மறைந்துவிடும் என்பார்கள், ஸ்கிரீன்ஷொட் எடுக்க ஒரு விநாடி போதும். படத்தை அழித்துவிட்டேன் என்று சொல்வதிலும் நிம்மதி இல்லை. மெமரி காட்டில் அழித்தவற்றை, அவற்றின் மேல் வேறு எதுவும் பதியப்படாதவரை, பெரும்பாலும் மீட்டெடுக்கலாம். ஆகவே படம் எடுப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். எடுப்பது மணமகளின் கைபேசியில், அல்லது அவள் வாங்கித் தந்த காட்டில் இருக்க வேண்டும். முடிந்ததும் அது அவளிடமே போக வேண்டும். யாருக்குக் காட்டுவது, யாருக்கு அனுப்புவது என்பதை மாமியோ மச்சானோ அல்ல, அவள்தான் சொல்ல வேண்டும். அரபு நாடுகளில் வேலை செய்து வந்த எமது உம்மாமாரைக் கேட்டுப் பாருங்கள். பெண்களின் கலியாண மண்டப வாசலிலேயே கைபேசிகளை வாங்கி வைத்துவிடுவார்கள், படம் எடுப்பவரும் பெண்தான் என்று சொல்வார்கள். நாற்பது பேர் வரும் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் கூடை போதும்.

எமது ஊர்களில் தையல் வகுப்பு இருக்கிறது, கேக் ஐசிங் வகுப்பு இருக்கிறது. படம் பிடிக்கப் பழக்கும் வகுப்பை ஏன் பெண் பிள்ளைகளுக்கு யாரும் வைப்பதில்லை? வேலைக்குக் குறைவிருக்காது.

எடுத்த படத்தை அச்சிட்டுவிடவும் வேண்டும். வட்ஸ்அப்பில் அனுப்பினால் தெளிவு குறைந்துவிடும், கைபேசி உடைந்தால் எல்லாமே போய்விடும். 2004 டிசம்பர் 26 இல் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். உயிர்களோடு ஒப்பிட்டால் அல்பம் ஒரு பொருட்டில்லை என்பதால் அதை யாரும் கணக்கெடுக்கவில்லை. எங்கள் உம்மம்மாவின் கலியாணத்துக்கு ஒரேயொரு படம்தான் எடுத்தார்களாம், அதுவும் அன்றைக்குப் போய்விட்டது. அதில் என்ன உடுத்திருந்தார் என்று கேட்டால் ஒரு நாள் பச்சை என்கிறார், ஒரு நாள் ஊதா என்கிறார்.

ராத்தாவின் படத்தை இரண்டு பிரதி எடுத்தோம். ஒன்று காவின் பத்திரத்தோடு ராத்தாவின் அலுமாரியில் இருக்கிறது. மற்றது கடலுக்குத் தூரத்தில், சம்மாந்துறையில் சாச்சியின் வீட்டில்.