இரட்டைப் புள்ளிகளுக்கு விடை வேண்டும்: கோரிக்கைச் சாசனம்

விண்வெளி முகமைகளுக்கும், தொலைநோக்கி நேரம் ஒதுக்கும் குழுக்களுக்கும், பல்கலைக்கழகங்களுக்கும், கையா விண்கலத் தரவில் ஈர்ப்பு வில்லைக் குவாசார்களைத் தேடுவோர் முன்வைப்பது:

தொலைதூரக் குவாசாருக்கும் (மிகப் பிரகாசமாக ஒளிரும் விண்மீன் மண்டல மையம்) நமக்கும் நடுவே ஒரு விண்மீன் மண்டலம் குறுக்கிட்டால், அதன் ஈர்ப்பு ஒளியை வளைத்து, ஒரே குவாசாரை இரண்டாகவோ நான்காகவோ காட்டும். 1979-இல் கண்டறியப்பட்ட முதல் இரட்டைக் குவாசாரில் ஒரு பிம்பத்தின் ஒளி மற்றதைவிட ஏறத்தாழ 417 நாள் பிந்தி வருகிறது. இத்தகைய தாமதங்களை அளந்தால் பிரபஞ்சம் விரியும் வேகத்தைக் கணிக்கலாம் என்று 1964-இலேயே ஷூர் ரெஃப்ஸ்டால் வழிகாட்டினார். அந்த வேகத்தைக் குறிக்கும் ஹபிள் மாறிலி, பிளாங்க் விண்கலத் தரவின்படி சுமார் 67 கி.மீ./வி./மெகாபார்செக். ஆறு வில்லைக் குவாசார்கள் தந்தது சுமார் 73. இந்த முரண் தீர இன்னும் பல வில்லைகள் வேண்டும்.

கையா தரவில் சுமார் 37.6 லட்சம் குவாசார் வேட்பாளர்களின் சுற்றுப்புறத்தைச் சலித்து, 2023 அக்டோபரில் 381 வில்லை வேட்பாளர்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் 50 மிக உறுதியானவை. எனவே கோருகிறோம்:

1. நிறமாலைக்கு இரவுகள் ஒதுக்குக. குவாசாருக்கு அருகில் தெரிவது நம் பால்வீதி விண்மீனாக இருக்கலாம். உண்மையிலேயே இரு குவாசார்களாகவும் இருக்கலாம். புள்ளிகளைப் பிரித்து நிறமாலை எடுத்தால்தான் தெளியும்.

2. வில்லை அல்ல என்று உறுதியானவற்றையும் வெளியிடுக. ஒருவர் கழித்ததை இன்னொருவர் மீண்டும் சோதித்து இரவுகளை இழக்கக் கூடாது.

3. கையாவின் நான்காம் தரவு வெளியீட்டில் வரவிருக்கும் 66 மாத அளவீடுகளை, சிறு கல்லூரி மாணவரும் கையாளக்கூடிய கருவிகளோடு தருக.

4. கண்காணிப்புக்குப் பல ஆண்டு நிதி தருக. 417 நாள் தாமதத்தை ஓராண்டு நிதியால் அளக்க முடியாது.

5. படங்களைக் கண்ணால் பார்த்துத் தரம்பிரித்த மாணவர், தன்னார்வலர் பெயர்களைக் கட்டுரைகளில் சேர்க்க.

6. காப்பகத்தைக் காத்திடுக. 2025 மார்ச்சில் கையா அணைக்கப்பட்டது. அது பதிந்த பழைய ஒளிமாற்றங்களை இனி எந்தக் கருவியாலும் மீண்டும் அளக்க இயலாது.

யூக்ளிட் விண்கலத்தின் படங்களால் பட்டியல் இன்னும் நீளும். புதியவை வந்து குவியுமுன் இந்த 381-க்கும் ஆம் அல்லது இல்லை என்ற விடை கிடைக்க வழிசெய்யுங்கள்.