இராவணேசனைக் கேட்டவர் யார்?

ஈழத்துத் தமிழ் நாடக வரலாறு பேசப்படும் அவைகளிலெல்லாம் 'இராவணேசன்' பேசப்படுகின்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', 1964இல் 'இராவணேசன்' ஆகிய கூத்துகளை மேடையேற்றியமையும், விடிய விடிய ஆடப்பட்ட கூத்துச் சில நாழிகைக்குள் செறிவாக்கப்பட்டமையும், வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்கு அது பெயர்ந்தமையும் நாம் மனப்பாடமாக ஒப்புவிக்கும் செய்திகள். மரபு மீட்கப்பட்டது என்கின்றோம். பண்பாடு விழித்தது என்கின்றோம். ஆனால் அந்நாடகம் எவ்வாறு ஒலித்தது என்று வினவினால் மௌனமே விடையாகின்றது. கூத்தைக் கண்ணாற் பார்க்கப் பழகிய எமது விமரிசனம் அதனைச் செவியாற் கேட்க இன்னும் கற்கவில்லை என்பதே ஈண்டு யாம் முன்வைக்கும் குற்றச்சாட்டு.

திருகோணமலையிற் பிறந்தோர் இக்குறையைப் பொறுத்தல் அரிது. கோணேசர் கோயிலின் அருகே, செங்குத்தாய்க் கடலுள் இறங்கும் பாறைப் பிளவை எம்மூரவர் 'இராவணன் வெட்டு' என்பர். தாய்க்கு ஈமக்கடன் கழிக்க அவன் தோற்றுவித்தவையே கன்னியா வெந்நீரூற்றுகள் என்பர். மலையின் கீழ் நெரிபட்ட வேளையில் இசை பாடி இறைவனை இரங்கச் செய்தவன் அவன் என்பது தேவார காலந்தொட்டு வரும் ஐதிகம். எனவே எமக்கு இராவணன் முதலில் இசைஞன், பின்னரே அரசன். அவனைப் பற்றிய நாடகத்தில் அவனுடைய முடியையும் கரப்புடுப்பையும் வருணித்துவிட்டு, அவன் பாடிய பாட்டைப் பற்றி ஒரு வரியும் எழுதாது விடுவது என்ன நீதி?

வடமோடிக் கூத்தில் இசை என்பது நாடகத்தின்மேற் பூசிய மெருகன்று, அதுவே நாடகம். அண்ணாவியாரின் மத்தளம் தாளக்கட்டை எழுப்ப, அதன் வழியே கூத்தர் வரவு ஆடுகின்றார். அரசனுக்கு ஒரு தாளக்கட்டு, பெண் பாத்திரத்துக்கு வேறொன்று. வந்தவர் இன்னாரெனத் தம் வாயாற் கூறுமுன்னரே அவருடைய தகைமையை மத்தளம் அறிவித்துவிடுகின்றது. விருத்தம் தாளக் கட்டின்றி நீண்டொலித்து உள்ளத்தை விரிக்கின்றது. தரு தாளத்தோடு பிணைந்து வாதத்தையும் செயலையும் முன்னே தள்ளுகின்றது. கூத்தர் பாடிவிட்ட அடியைப் பிற்பாட்டுக்காரர் ஏந்திக்கொள்ள, அவ்விடைவெளியிலே கூத்தர் ஆடுகின்றார். மைந்தரை இழந்து, மண்டோதரியின் சொல்லையும் மீறிப் போர்க்களம் புகும் இராவணனின் வீழ்ச்சி இவ்வொழுங்கினாலேயே எமக்குப் புலப்பட வேண்டும், வசனத்தினால் மட்டுமன்று.

இனி, நாயக பாத்திரங்களை நோக்குவோம். 1964இல் இராவணனாக ஆடியவர் அந்நாளைய மாணவர் சி. மௌனகுரு, பின்னாளிற் பேராசிரியராகி இந்நாடகத்தை மட்டக்களப்பில் மீளவும் நெறிப்படுத்தியவரும் அவரே. கூத்து நாயகரைப் போற்ற வருவோர் 'உணர்ச்சி ததும்ப நடித்தார்' என்ற ஒரு தொடரோடு அமைந்துவிடுகின்றனர். இது வசன நாடக நடிகருக்குரிய அளவுகோல். கூத்தரிடம் நாம் கேட்க வேண்டியவை வேறு. ஆட்டம் முடிந்து மூச்சு வாங்கும் அக்கணத்தில் எடுத்த தருவின் சுருதி நின்றதா? மத்தளம் விரைந்தபோது சொல் சிதையாது ஒலித்ததா? தடுக்கும் மண்டோதரியின் குரலும் மறுக்கும் இராவணனின் குரலும் வேறு வேறு நடையிற் சென்று மோதினவா? இவற்றுக்கு விடை கூறாத புகழுரை நடிகருக்குச் செய்யும் மரியாதையாகாது.

கூத்துப் பாடல்கள் ஒரே மெட்டின என்று கூறுவார் உளர். கர்நாடக இசைக் கச்சேரியின் கோலை எடுத்துக் களரியை அளப்பதனால் வரும் பிழை இது. ஒரே மெட்டு இரண்டாம் முறை வரும்போது தாளமும் சூழ்நிலையும் மாறியிருக்கின்றன. வெற்றிச் செருக்கிற் கேட்ட மெட்டை இழப்பின் நடுவே மீளக் கேட்கும்போதுதான் அதன் பொருள் முழுமையடைகின்றது. கருத்தே முதன்மை, இசை துணை என்பாரும் உளர். கருத்து மாத்திரம் வேண்டுமாயின் கட்டுரை போதும், கூத்து எதற்கு?

அயலாரைப் பார்த்தேனும் நாம் கற்கலாம். எதிரிவீர சரச்சந்திர 1956இல் 'மனமே' நாடகத்தை ஆக்கியபோது 'நாடகம' மரபின் இசையறிந்த சார்ள்ஸ் சில்வா குருநான்சேயின் துணையை நாடினார். அப்பாடல்கள் மேடையை விட்டிறங்கி மக்கள் நாவிற் குடியேறின. அந்த 'நாடகம' மரபு தமிழ்க் கூத்தோடு உறவுடையது என்பது ஆய்வாளர் பலரும் ஏற்றுக்கொண்டது. கடன் கொடுத்த நாமோ, இராவணேசனைப் பழக்கிய வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரின் பெயரையும் அடிக்குறிப்பில் ஒதுக்கிவிட்டோம். பேராசிரியரின் பணி பெரிது, ஐயமில்லை. ஆயினும் அவர் தேடிச் சென்றது அண்ணாவிமாரிடமுள்ள வித்தையையே என்பதை மறத்தல் அவர் பணியையே மறத்தலாகும்.

இது வெறும் இரசனைப் பிணக்கன்று. எமது துறைமுகத்துக்கு எதிரே, கொட்டியாரக்குடாவின் தென்கரையில் உள்ள சம்பூர் மக்கள் 2006ஆம் ஆண்டுப் போரில் இடம்பெயர்ந்தனர்; பலர் ஏறத்தாழப் பத்தாண்டுகளின் பின்னரே தம் நிலத்தை மீண்டும் மிதித்தனர். கூத்தின் சொற்கள் ஏட்டிலும் கொப்பியிலும் தப்பலாம். மெட்டும் தாளக்கட்டும் வாழ்வது அண்ணாவியாரின் நினைவிலும் விரல்களிலும். ஊர் சிதறிக் களரி கூடாத ஆண்டு ஒவ்வொன்றிலும் அவை குறைந்துகொண்டே போகின்றன. இந்நிலையிலே எம் இளைஞர் ஒலிப்பதிவை ஓடவிட்டு, வாயசைத்து, கூத்து ஆடினோம் என்று பரிசில் பெறுவதைக் காண்கின்றோம். பாடாத கூத்தரும் மத்தளமில்லாக் களரியும் கூத்தாகா. அதற்குப் பரிசளிக்கும் நடுவரும் குற்றத்திற் பங்காளியே.

எனவே தமிழ்ச் சங்கங்கள் விழா எடுப்பதோடு அமையாது, முதிய அண்ணாவிமாரை நாடிச் சென்று மெட்டுகளையும் தாளக்கட்டுகளையும் அவர்தம் பெயரோடு பதிவு செய்தல் வேண்டும். விமரிசகர் தம் குறிப்பேட்டை மூடிவிட்டு ஒரு முழு இரவு மத்தளத்தின் அருகே அமர்தல் வேண்டும். இராவணேசனைப் பற்றிப் போதியளவு பேசிவிட்டோம். இனியேனும் அதனைக் கேட்போம்.